போனில் ஓடுது... லேப்டாப்பில் மட்டும் ஏன் ஓடலை? - வைஃபை மக்கர் செய்தால் எங்கிருந்து தேட வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை இரவு 9 மணி. மதுரையில் ஓர் அடுக்குமாடி வீடு. இன்ஜினீயரிங் முடித்து, ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டு மகன் வீட்டுக்கு வந்து பத்து நாள்கள் ஆகின்றன. வந்ததிலிருந்து எல்லாமே செல்போனில்தான். லேப்டாப் பையின் ஜிப்பைக்கூடத் திறக்கவில்லை. மறுநாள் காலை 10 மணிக்கு ஆன்லைன் இன்டர்வியூ. அதற்குத் தேவையான சாஃப்ட்வேரை இறக்கி வைத்துக்கொள்ளலாம் என்று அப்போதுதான் லேப்டாப்பைத் திறக்கிறான்.

வைஃபை பெயர் தெரிகிறது. பாஸ்வேர்டு போட்டால் ஏற்றுக்கொள்கிறது. 'கனெக்டட்' என்றும் காட்டுகிறது. ஆனால், அதற்குக் கீழேயே 'நோ இன்டர்நெட்'.

"அப்பத்தா போன்ல யூடியூப் நல்லாத்தானேடா ஓடுது?" என்கிறார் அம்மா. "ரௌட்டரை ரீசெட் பண்ணிட்டா சரியாப் போயிடும்" என்று அப்பா சேஃப்டி பின்னைத் தேடிக் கிளம்புகிறார். "புது லேப்டாப் வாங்கித் தாங்கன்னா கேட்டீங்களா?" என்று மகன் முணுமுணுக்கிறான். இதே காட்சி, ஆள்கள் மட்டும் மாறி, உங்கள் வீட்டிலும் அரங்கேறியிருக்கும்.

இதில் உடனடியாகத் தடுத்து நிறுத்த வேண்டியது, அப்பாவின் கையில் இருக்கும் அந்தப் பின்னைத்தான்.

அந்த ஓட்டைக்குள் குத்தாதீர்கள்!

ரௌட்டரின் பின்பக்கமோ அடியிலோ ஊசி நுழையும் அளவுக்கு ஒரு சின்னத் துளை இருக்கும். பக்கத்தில் 'ரீசெட்' என்று எழுதியிருக்கும். அது ஆஃப் செய்து ஆன் செய்வதற்கான பட்டன் அல்ல. சில நொடிகள் அழுத்திப் பிடித்தால், அந்தப் பெட்டிக்குள் இருக்கும் அத்தனை அமைப்புகளும் அழிந்து, ஃபேக்டரியிலிருந்து வந்த நிலைக்குப் போய்விடும். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் போவது பெரிய விஷயமில்லை. இணைப்பு கொடுக்க வந்தவர் உள்ளே பதிந்துவைத்த யூசர்நேம், பாஸ்வேர்டு போன்றவையும் பல பெட்டிகளில் சேர்ந்தே போய்விடும். பிறகு லேப்டாப்புக்கு மட்டுமல்ல, அப்பத்தாவின் போனுக்கும் நெட் கிடையாது. ஞாயிறு இரவு 9 மணிக்கு எந்த டெக்னீஷியன் வருவார்?

ரௌட்டருக்குச் செய்ய வேண்டியது வேறு. சுவிட்சை அணைத்துவிட்டு, அரை நிமிடம் பொறுத்து, மறுபடி போடுங்கள். விளக்குகள் எல்லாம் நிலையாக எரிய இரண்டு மூன்று நிமிடங்கள் ஆகும். பல நாள்கள் ஓய்வில்லாமல் ஓடித் திணறும் பெட்டி இதிலேயே தெளிந்துவிடும். கையோடு லேப்டாப்பையும் ரீஸ்டார்ட் செய்துவிடுங்கள். மூடித் திறப்பது ரீஸ்டார்ட் ஆகாது. ஏன், விண்டோஸில் 'ஷட் டவுன்' கொடுத்து ஆன் செய்வதுகூடப் பல லேப்டாப்களில் முழுமையான புதுத் தொடக்கம் அல்ல. சீக்கிரம் ஆன் ஆவதற்காகப் பழைய நிலையில் ஒரு பகுதியை அது சேமித்து வைத்துக்கொள்ளும். 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் சுத்தமாகத் தொடங்கும்.

மதுரை வீட்டில் இரண்டையும் செய்து பார்த்தார்கள். 'நோ இன்டர்நெட்' நகரவில்லை.

அப்பத்தாவின் போனை நம்பலாமா?

"போனில் ஓடுது, அப்போ வைஃபை நல்லாத்தான் இருக்கு" என்பது எல்லா வீடுகளிலும் சொல்லப்படும் வாதம். இது பாதி உண்மைதான். இன்றைய ஸ்மார்ட்போன்கள் கொஞ்சம் தந்திரசாலிகள். வைஃபையில் இணைந்திருக்கும்போதே அதில் நெட் வரவில்லை என்று தெரிந்தால், சத்தமில்லாமல் சிம் கார்டின் டேட்டாவுக்குத் தாவிவிடும். ஐபோனில் இதற்கு 'வைஃபை அசிஸ்ட்' என்று பெயர். ஆண்ட்ராய்டு போன்களிலும் இதேபோன்ற வசதி வெவ்வேறு பெயர்களில் உண்டு. பாட்டு நிற்காமல் ஓடும். ஆனால், ஓடுவது ரௌட்டரின் புண்ணியத்தில் அல்ல, ரீசார்ஜ் பணத்தில்.

ஆகவே முதல் பரிசோதனை இது. போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, வைஃபையை மட்டும் வைத்து ஏதாவது ஒரு புதிய வீடியோவைப் போட்டுப் பாருங்கள். ஏற்கெனவே பார்த்தது என்றால், சேமிப்பிலிருந்து ஓடி ஏமாற்றிவிடும்.

போனிலும் ஓடவில்லையா? லேப்டாப்பை நிம்மதியாக மூடி வைத்துவிடலாம். கோளாறு அதில் இல்லை. ரௌட்டர் பெட்டியின் விளக்குகளைப் பாருங்கள். ஃபைபர் இணைப்பு என்றால் 'எல்ஓஎஸ்' என்ற பெயரில் ஒரு விளக்கு இருக்கும். அது சிவப்பாக எரிந்தாலோ, கண் சிமிட்டினாலோ, வெளியிலிருந்து வரும் கண்ணாடி இழையில் ஒளி சரியாக வந்து சேரவில்லை என்று பொருள். தெருவில் எங்கோ வயர் அறுந்திருக்கலாம். அல்லது வீட்டுக்குள்ளேயே சோபாவையோ பீரோவையோ நகர்த்தியபோது அந்த மெல்லிய மஞ்சள் அல்லது வெள்ளை வயர் மடங்கியிருக்கலாம். செம்புக் கம்பியைப்போல அதை ஆணியில் சுற்றி முடிச்சுப் போட முடியாது. கூர்மையாக மடங்கினால் உள்ளே போகும் ஒளி வளைவில் கசிந்துவிடும். மடிப்பை நீக்கி, பெரிய வளையமாகச் சுற்றி விட்டாலே சில வீடுகளில் சிவப்பு விளக்கு அணைந்துவிடும். அணையாவிட்டால் கம்பெனிக்கு போன் போடுவதுதான் வழி.

அந்த வயரின் முனையைக் கழற்றி உள்ளே உற்றுப் பார்ப்பது மட்டும் கூடாது. அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி.

மதுரை வீட்டில் பத்தாவது படிக்கும் தங்கைதான் அப்பத்தாவின் போனை வாங்கி டேட்டாவை அணைத்துப் பார்த்தாள். பாட்டு ஓடியது. "வைஃபை ஓகே அண்ணா, உன் லேப்டாப்தான் மக்கர் பண்ணுது" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டாள்.

ஹாட்ஸ்பாட் சொல்லும் ரகசியம்

தீர்ப்பை உறுதிசெய்ய இன்னொரு பரிசோதனை உண்டு. வேறொரு போனில் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு, அதில் லேப்டாப்பை இணைப்பது. ஹாட்ஸ்பாட்டில் நன்றாக ஓடினால், லேப்டாப்பும் வீட்டு ரௌட்டரும் ஒருவரையொருவர் புரிந்துகொள்வதில்தான் சிக்கல். ஹாட்ஸ்பாட்டிலும் ஓடவில்லை என்றால், கோளாறு முழுக்க லேப்டாப்பின் பக்கம்.

அப்பாவின் போனில் ஹாட்ஸ்பாட் போட்டார்கள். அதிலும் 'கனெக்டட்... நோ இன்டர்நெட்'. மகனுக்கு வியர்க்கத் தொடங்கியது. மணி 10.

இங்கேதான் ஒரு யு.எஸ்.பி கேபிள் கைகொடுக்கும். போனுக்கு சார்ஜ் போடும் அதே கேபிள்தான். போனையும் லேப்டாப்பையும் அதில் இணைத்து, போனின் செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் பகுதிக்குள் 'யு.எஸ்.பி டெதரிங்' என்பதை ஆன் செய்தால், வைஃபை இல்லாமலே லேப்டாப்புக்கு நெட் வந்துவிடும். வெறும் சார்ஜுக்கு மட்டுமான மலிவு கேபிள்களில் வேலை செய்யாது. டேட்டா போகும் கேபிள் வேண்டும். லேப்டாப்பின் வைஃபை பாகத்தையே இது தொடுவதில்லை. அதனால் வைஃபை டிரைவர் கெட்டுப்போய், அதை டவுன்லோடு செய்யவே நெட் இல்லாமல் விழிக்கும் நேரத்திலும் இதுதான் ஆபத்பாந்தவன். போனில் வைஃபை ஆனில் இருந்தால், வீட்டு பிராட்பேண்ட்டையே கேபிள் வழியாக லேப்டாப்புக்குக் கடத்தும். சிம் டேட்டா செலவாகாது.

கேபிளைச் செருகியதும் நெட் வந்தது. இன்டர்வியூ சாஃப்ட்வேர் இறங்கத் தொடங்கியது. வீட்டில் எல்லோரும் அதன் பிறகுதான் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

வேறு தெருவின் கதவு எண்

கேபிளில் வருகிறது, வைஃபையில் வரவில்லை. அப்படியென்றால் என்ன?

வைஃபையில் இணைவது இரண்டு கட்டமாக நடக்கிறது. முதலில் பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே நுழைவது. இது நடந்தாலே 'கனெக்டட்' என்று காட்டிவிடும். அடுத்து, ரௌட்டர் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரியைக் கொடுக்கும். இதைத்தான் ஐபி அட்ரஸ் என்கிறார்கள். பல வீட்டு ரௌட்டர்களில் இது 192.168 என்று தொடங்கும். ஒரே வைஃபையில் இருக்கும் போன், டிவி, லேப்டாப் எல்லாவற்றுக்கும் முன்பகுதி ஒன்றாகவும், கடைசி எண் மட்டும் வேறாகவும் இருக்கும். ஒரே தெரு, வேறு வேறு கதவு எண் மாதிரி.

போனில் வைஃபை பெயரை அழுத்தி விவரம் பார்த்தால் இந்த எண் தெரியும். விண்டோஸில் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்டு இன்டர்நெட், வைஃபை, ப்ராப்பர்ட்டீஸ் என்று போனால் 'ஐபிவி4 அட்ரஸ்' என்ற வரியில் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டாலே பாதிக் கதை தெரிந்துவிடும்.

லேப்டாப்பில் 169.254 என்று தொடங்கும் எண் இருந்தால், ரௌட்டரிடமிருந்து முகவரி கிடைக்காமல் விண்டோஸ் தானாகவே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். அப்போது அந்த வைஃபை பெயரை 'ஃபர்கெட்' கொடுத்து மறக்கச் செய்து, மறுபடி பாஸ்வேர்டு போட்டு இணைத்துப் பார்க்கலாம்.

மதுரை வீட்டில் அப்பத்தாவின் போனில் 192.168.1 என்று தொடங்கும் எண். லேப்டாப்பில் 10 என்று தொடங்கும் எண். ரௌட்டரைத் திரும்ப ஆன் செய்தும் மாறாத எண். ஹாட்ஸ்பாட்டுக்கு மாற்றினாலும் அதே எண்!

"டேய், இது எங்க வந்தது?" என்று அப்பா கேட்டதும்தான் மகனுக்கு நினைவு வந்தது. ஹாஸ்டலில் ஒவ்வோர் அறைக்கும் ஒரு எண் கொடுத்திருந்தார்கள். முதல் வருடத்தில் ஒரு சீனியர் உட்கார்ந்து, அந்த எண்ணை லேப்டாப்பில் நிரந்தரமாகப் பதிந்துவிட்டுப் போனார். நான்கு வருடம் அதைப் பற்றி நினைக்கவே தேவைப்படவில்லை. ஹாஸ்டலை விட்டு வந்தாகிவிட்டது. லேப்டாப் மட்டும் இன்னும் ஹாஸ்டல் அறையின் கதவு எண்ணையே சொல்லிக்கொண்டிருக்கிறது. ரௌட்டர் எப்படி அதற்குக் கடிதம் கொண்டுபோய்க் கொடுக்கும்?

அதே ப்ராப்பர்ட்டீஸ் பக்கத்தில் 'ஐபி அசைன்மென்ட்' என்ற இடத்தில் 'மேனுவல்' என்று இருந்தது. 'எடிட்' அழுத்தி 'ஆட்டோமேட்டிக்' என்று மாற்றினார்கள். அதற்குக் கீழே 'டிஎன்எஸ்' அமைப்பையும் அப்படியே மாற்றினார்கள். ஐந்து நொடிகூட ஆகவில்லை, 'நோ இன்டர்நெட்' மறைந்தது.

கல்லூரி, அலுவலக லேப்டாப்களை வீட்டுக்குக் கொண்டு வருபவர்கள் இதோடு சேர்த்து இன்னும் இரண்டைப் பார்க்க வேண்டும். ஒன்று, செட்டிங்ஸில் 'ப்ராக்ஸி'. அலுவலகத்துக்காக அதில் ஏதாவது முகவரி பதிந்திருந்தால், வீட்டில் எந்தப் பக்கமும் திறக்காது. சொந்த லேப்டாப் என்றால் அணைத்துவிடலாம். அலுவலக லேப்டாப் என்றால் ஐ.டி பிரிவைக் கேட்காமல் கைவைக்க வேண்டாம். இன்னொன்று, வி.பி.என். பின்னணியில் ஓடிக்கொண்டே இருந்து, அது இணைய முடியாமல் திணறும்போது மொத்த நெட்டையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

உங்கள் வீட்டில் வேறு மாதிரியா?

எல்லா வீட்டுக்கும் இதே காரணம் இருக்காது. வைஃபை பட்டியலே வரவில்லை என்றால், முதலில் ஏரோபிளேன் மோட் ஆனாகியிருக்கிறதா என்று பாருங்கள். கீபோர்டின் மேல் வரிசையில் ஏதோ ஒரு பட்டனில் விமானப் படமோ, ஆன்டெனா படமோ இருக்கும். துடைக்கும்போது விரல் பட்டிருக்கலாம். குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் சொல்லவே வேண்டாம். சில பழைய லேப்டாப்களில் பக்கவாட்டில் தள்ளும் சுவிட்சே உண்டு.

எல்லா வைஃபையும் தெரிகிறது, நம் வீட்டுப் பெயர் மட்டும் தெரியவில்லை என்றால் காரணம் வேறு. இன்றைய ரௌட்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகளில் இயங்குகின்றன. பழைய லேப்டாப்கள் பலவற்றுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். பெயரின் முடிவில் '5ஜி' என்று இருக்கும் வைஃபையை அவற்றால் பார்க்கவே முடியாது. (அந்த 5ஜிக்கும் செல்போன் 5ஜிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பெயர் வைத்தவர்கள் செய்த குழப்பம் இது.) புது ரௌட்டர் வாங்கிய பிறகு பழைய லேப்டாப் இணைய மறுத்தால், பாதுகாப்பு முறை 'டபிள்யூபிஏ3' மட்டும் என்று இருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். 2018-ல் அறிமுகமான அந்த முறை, அதற்கு முந்தைய லேப்டாப்கள் பலவற்றுக்குப் புரியாது. 'டபிள்யூபிஏ2/டபிள்யூபிஏ3' என்று இரண்டும் கலந்த அமைப்பு இருந்தால் அதைத் தேர்வுசெய்யலாம்.

நெட் வருகிறது, ஆனால் எந்தத் தளத்தைத் திறந்தாலும் 'பாதுகாப்பானது அல்ல' என்று பயமுறுத்துகிறதா? கடிகாரத்தைப் பாருங்கள். பல மாதம் மூடிக் கிடந்த லேப்டாப்பில் தேதி எங்கோ பின்னால் போயிருக்கும். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தொடக்க தேதி, முடியும் தேதி உண்டு. லேப்டாப்பின் தேதி தப்பாக இருந்தால், அத்தனை சான்றிதழும் செல்லாது என்று பிரவுசர் முடிவுகட்டிவிடும். தேதியைச் சரிசெய்தால் போதும்.

நேற்றுவரை ஓடியது, விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு ஓடவில்லை என்றால் டிரைவரைச் சந்தேகப்படலாம். 'டிவைஸ் மேனேஜர்' திறந்து, நெட்வொர்க் அடாப்டர்ஸ் பகுதியில் வைஃபை அல்லது வயர்லெஸ் என்ற பெயருள்ளதைத் தேடி, ப்ராப்பர்ட்டீஸில் 'ரோல் பேக் டிரைவர்' இருந்தால் பழையதுக்குத் திரும்பலாம். அது மங்கலாக இருந்தால் திரும்புவதற்குப் பழையது இல்லை என்று பொருள். அப்போது லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்து, உங்கள் மாடலுக்கான டிரைவரை இறக்கிப் போட வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாகத் துண்டிக்கப்படும் தொல்லைக்கும் அதே ப்ராப்பர்ட்டீஸில் ஒரு மருந்து இருக்கலாம். 'பவர் மேனேஜ்மென்ட்' பகுதியில், மின்சாரத்தை மிச்சப்படுத்த இந்தக் கருவியை அணைக்கலாம் என்ற அனுமதிக்கு எதிரே இருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள்.

எதுவும் எடுபடாவிட்டால் கடைசியாக, செட்டிங்ஸில் 'நெட்வொர்க் ரீசெட்'. ரௌட்டர் ரீசெட் மாதிரி இது ஆபத்தானதல்ல. ஆனால் சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகள், வி.பி.என் அமைப்புகள் எல்லாம் போய்விடும். பாஸ்வேர்டை எழுதி வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

ஒரு விஷயம் மட்டும் செட்டிங்ஸுக்குள் கிடைக்காது. பெரும்பாலான லேப்டாப்களில் வைஃபை ஆன்டெனா இருப்பது திரையின் ஓரத்தில். அதன் மெல்லிய வயர்கள் மடக்கும் கீல் வழியாகத்தான் கீழே வருகின்றன. கீல் உடைந்து, திரை ஆடும் லேப்டாப்பில், ரௌட்டருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தாலும் ஒரே ஒரு கோடு சிக்னல் காட்டினால், அந்த வயர் போயிருக்க வாய்ப்பு உண்டு. அதற்கு ரிப்பேர் கடைதான். அல்லது யு.எஸ்.பி-யில் செருகும் சின்ன வைஃபை அடாப்டர்.

ரௌட்டரை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பதும் ஒரு கேள்வி. டிவிக்குப் பின்னால், பரண் மேல், இரும்பு பீரோவின் இடுக்கில் என்று ஒளித்து வைப்பவர்கள்தான் அதிகம். பார்க்க அழகாக இல்லையாம்! இரும்பும், கண்ணாடியின் பின்பூச்சும், தண்ணீரும், கான்கிரீட்டும் வைஃபைக்கு எதிரிகள். மைக்ரோவேவ் அவன் ஏறக்குறைய 2.45 கிகாஹெர்ட்ஸில்தான் இயங்குகிறது. சமையலறையை ஒட்டி உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்கு, அம்மா குழம்பைச் சூடுபண்ணும் நேரத்தில் மட்டும் வீடியோ கால் உறைந்துபோவது தற்செயல் அல்ல. அங்கே 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறிக்கொள்ளலாம். ஆனால், அது இரண்டு சுவர் தாண்டினாலே களைத்துவிடும்.

கஸ்டமர் கேர் நம்பரைத் தேடாதீர்கள்

அந்த இரவு அப்பா செய்யவிருந்த இன்னொரு காரியமும் உண்டு. கம்பெனியின் கஸ்டமர் கேர் நம்பரை கூகுளில் தேடி போன் போடுவது. சேஃப்டி பின்னைவிட ஆபத்தானது இதுதான். தேடலில் வரும் எண்களில் மோசடிக்காரர்கள் வைத்த போலிகளும் கலந்திருக்கின்றன. மிகப் பணிவாகப் பேசுவார்கள். "சார், ஒரு சின்ன ஆப் இன்ஸ்டால் பண்ணுங்க, இங்கிருந்தே சரிசெய்து தர்றோம்" என்பார்கள். அந்த ஆப் உங்கள் திரையை அவர்களுக்குக் காட்டும். "கம்ப்ளெயின்ட் பதிய பத்து ரூபாய் கட்டுங்க" என்று சொல்லி நீங்கள் வங்கி விவரம் டைப் செய்வதை அங்கே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

உங்கள் பில்லில், அல்லது ரௌட்டர் பெட்டியில் ஒட்டியிருக்கும் எண்ணுக்கு மட்டும் பேசுங்கள். அல்லது கம்பெனியின் ஆப் வழியாகப் புகார் கொடுங்கள். வைஃபை சரிசெய்ய ஓ.டி.பி-யோ, ஏ.டி.எம் கார்டு எண்ணோ யாருக்கும் தேவையில்லை. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள். இது இணையப் பண மோசடிகளுக்கான தேசிய உதவி எண். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே மறிக்க வாய்ப்பு அதிகம்.

காலை 9.45

இன்டர்வியூ, தேர்வு, டாக்டருடன் வீடியோ ஆலோசனை... இப்படித் தவறவிட முடியாத நேரம் இருந்தால் முந்தின நாளே லேப்டாப்பை, உட்காரப்போகும் அதே இடத்தில் வைத்து ஒருமுறை இணைத்துப் பாருங்கள். கரன்ட் போனால் ரௌட்டருக்கு இன்வெர்ட்டர் இணைப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். ஹாலுக்கு மட்டும் இன்வெர்ட்டர் கொடுத்துவிட்டு, ரௌட்டர் இருக்கும் அறையை விட்டுவிட்ட வீடுகள் நிறைய.

மதுரை வீட்டில் திங்கள் காலை 9.45-க்கு மகன் சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். வைஃபை ஓடிக்கொண்டிருந்தது. இருந்தும் பக்கத்தில் முழு சார்ஜுடன் அப்பாவின் போன், அதோடு அந்த யு.எஸ்.பி கேபிள். சமையலறையில் மைக்ரோவேவின் பிளக்கைத் தங்கையே பிடுங்கி வைத்துவிட்டுப் பள்ளிக்குப் போயிருந்தாள். அப்பத்தாவிடம் மட்டும் ஒரு வேண்டுகோள் வைக்கப்பட்டது, 11 மணி வரை யூடியூப் வேண்டாம் என்று.

"உன் வேலை முடியட்டும்டா, நான் அதுவரைக்கும் கீரை ஆயறேன்" என்று அவர் போனைக் கவிழ்த்து வைத்தார்.